வளைகுடாவுக்கு அக்கரையில் வீட்டு வரி

நியூ ஜெர்சியின் எடிசனிலிருந்து கார்டன் ஸ்டேட் பார்க்வேயில் தெற்கே இறங்கினால், கடைத்தெருக்களும் அலுவலகங்களும் ஒரு மணி நேரத்துக்குள் பின்தங்கிவிடுகின்றன. இருபுறமும் மணல் நிலத்தில் பைன் காடு. இடையிடையே சாலை உப்பங்கழிகளைத் தாண்டுகிறது. காரின் பின் இருக்கையில் அக்கா ஒரு கோப்பை மடியில் வைத்திருந்தாள். அதில் வீட்டுப் படங்களைவிட வரி பில்களின் நகல்கள்தான் அதிகம். அத்தான் ஓய்வுபெறப் போகிறார். பிள்ளைகள் இருவரும் வேறு மாநிலங்களில் குடியேறிவிட்டார்கள். மிடில்செக்ஸ் கவுண்டியில் (மாவட்டத்தில்) உள்ள நான்கு படுக்கையறை வீட்டை விற்றுவிட்டு, மாடிப்படி இல்லாத சிறிய வீடு ஒன்றை வாங்குவது அவர்கள் திட்டம். எந்தக் கவுண்டியில் வாங்குவது என்று நேரில் பார்த்து முடிவெடுக்கவே இந்தப் பயணம். கார் ஓட்டும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

வீட்டுக் கடன் ஒருநாள் முடிந்துவிடும். வரி முடிவதில்லை. அமெரிக்காவிலேயே வீட்டு வரி மிக அதிகமான மாநிலம் நியூ ஜெர்சி. 2024இல் ஒரு வீட்டுக்கான சராசரி வரி 10,095 டாலர். பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று ஆண்டுக்கு நான்கு தவணை. சம்பளம் வரும்போது அது குடும்பச் செலவுகளில் ஒன்றாகக் கரைந்துபோகும். சம்பளம் நின்று, சோஷியல் செக்யூரிட்டியும் சேமிப்பும் மட்டும் மிஞ்சும்போது அதே தொகை வீட்டின் முதல் செலவாகிவிடுகிறது. அதனால்தான் இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடங்களில் அறுபதைத் தொட்டவர்களின் பேச்சு, பிள்ளைகளின் கல்லூரியிலிருந்து டெலவேருக்கும் வடக்கு கரோலினாவுக்கும் மாறிவிட்டது.

நாங்கள் முதலில் நின்றது ஓஷன் கவுண்டி. டாம்ஸ் ரிவரைச் சுற்றிலும் ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான குடியிருப்புகள் பரவிக் கிடக்கின்றன. பெர்க்லியில் ஹாலிடே சிட்டி, மான்செஸ்டரின் விட்டிங் பகுதியில் கிரெஸ்ட்வுட் வில்லேஜ். எல்லாம் ஒற்றைத் தளச் சிறு வீடுகள், வாசலில் ஒரு கார் நிற்கும் இடம், நடுவில் பொது மண்டபம். கிரெஸ்ட்வுட் வில்லேஜில் பல வீடுகள் கூட்டுறவு முறையில் உள்ளன. வாங்குபவருக்குக் கிடைப்பது பத்திரம் அல்ல, பங்கு. வீட்டு வரி தனி பில்லாக வருவதில்லை. மாதக் கட்டணத்துக்குள் அடங்கிவிடுகிறது. "வரி கம்மியா இருக்கே" என்று மகிழ்பவர்கள் இந்த மாதக் கட்டணத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு வரிக்குப் போகிறது, எவ்வளவு புல்வெட்டவும் கூரை பழுதுபார்க்கவும் போகிறது என்று கேட்டால் நிர்வாகம் கணக்குக் காட்டும்.

அங்கே நடைப்பயிற்சியில் இருந்த ஒரு முதியவரிடம் அத்தான் பேச்சுக் கொடுத்தார். இங்கே குழந்தைகளே இல்லையே, பள்ளிக்கூட வரி உண்டா என்று கேட்டார். உண்டு என்றார் அவர். நியூ ஜெர்சியில் 21 கவுண்டிகளும் 564 நகராட்சிகளும் உள்ளன. ஒவ்வொரு நகராட்சிக்கும் தனி விகிதம். பில்லில் பாதிக்குச் சற்று மேல் பள்ளிகளுக்குப் போகிறது. மிச்சத்தை நகராட்சியும் கவுண்டியும் பகிர்ந்துகொள்கின்றன. கவுண்டியின் பங்கு இவற்றில் சிறியது. ஆகவே 'எந்தக் கவுண்டி மலிவு' என்ற கேள்வி நியூ ஜெர்சியில் பாதிக் கேள்விதான். எந்த ஊர், எந்தப் பள்ளி வட்டாரம் என்பதுதான் மீதி.

அந்த முதியவர் இன்னொன்றும் சொன்னார். அவருடைய பில் தொகை பெரிது. ஆனால் அவர் கையிலிருந்து முழுவதும் போவதில்லை. 'சீனியர் ஃப்ரீஸ்' என்ற திட்டத்தில் வரி உயர்வை மாநில அரசு திருப்பித் தருகிறது. அறுபத்தைந்து வயது, வருமான வரம்பு, சொந்த வீட்டில் தொடர்ந்து சில ஆண்டுகள் குடியிருப்பு ஆகிய நிபந்தனைகள் நிறைவேறினால், ஓர் அடிப்படை ஆண்டின் தொகைக்கு மேல் ஏறியது முழுவதும் திரும்பி வரும். 'ஆங்கர்' என்ற நிவாரணம் தனி. 2023இல் சட்டமான 'ஸ்டே என்.ஜே.' திட்டம், அறுபத்தைந்தைக் கடந்தவர்களின் வரியில் பாதியை, ஓர் உச்ச வரம்புக்குள், மாநிலமே ஏற்க வழி செய்கிறது. முதியோர் மாநிலத்தை விட்டுப் போய்விடாமல் இருக்கவே அந்தத் திட்டம். ஆகவே இந்த மாநிலத்தில் பில்லில் இருக்கும் எண்ணும் ஒரு முதியவர் உண்மையில் சுமக்கும் எண்ணும் ஒன்றல்ல. அக்கா தன் கோப்பில் 'கையிலிருந்து' என்று ஒரு புதிய பத்தி சேர்த்தாள்.

பார்க்வே பூஜ்ஜிய எண்ணில் முடியும் இடம் கேப் மே. போகும் வழியில் ஏவலான், ஸ்டோன் ஹார்பர் என்ற இரண்டு கடற்கரை ஊர்களுக்குள் நுழைந்து பார்த்தோம். பல மில்லியன் டாலர் பெறுமான மாளிகைகள் வரிசையாக நிற்கின்றன. குளிர்காலத்தில் பெரும்பாலானவை பூட்டியிருக்கும். வரி விகிதம் மாநிலத்திலேயே மிகக் குறைந்தவற்றில் ஒன்று. நூறு டாலர் மதிப்புக்கு ஒரு டாலரும் இல்லை. காரணம் எளிது. வீடுகளின் மொத்த மதிப்பு மிகப் பெரிது. அங்கேயே குடியிருந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் மிகக் குறைவு. வகுக்க வேண்டிய செலவு சிறியதாகவும் வகுக்கும் மதிப்பு பெரியதாகவும் இருந்தால் விகிதம் தானாகக் குறைந்துவிடும். விகிதம் குறைவு என்பதால் அங்கே வீடு வாங்க முடிந்துவிடுமா? நுழைவதற்கே பெரும் செல்வம் வேண்டும். விகிதத்தை மட்டும் பட்டியலிட்டு ஊர்களை வரிசைப்படுத்துவது எவ்வளவு பொருளற்றது என்பதற்கு இந்த இரண்டு ஊர்களே போதும்.

கேப் மேயிலிருந்து டெலவேர் மாநிலத்தின் லூயிஸ் வரை கார்களை ஏற்றிக்கொண்டு போகும் படகு டெலவேர் வளைகுடாவைக் கடக்கிறது. 17 மைல், ஏறக்குறைய 85 நிமிடம். மேல்தளத்தில் காற்று பலமாக இருந்ததால் உள்ளே உட்கார்ந்து டெலவேர் பில்களைப் பிரித்தோம். அங்கே மூன்றே கவுண்டிகள். தெற்கே சசெக்ஸ், நடுவில் கென்ட், வடக்கே நியூ காசில். கையிலிருந்த பழைய பில்களில் ஒன்று சசெக்ஸ் வீட்டினுடையது. விற்பனை விலை நான்கு லட்சத்துக்கு மேல். ஆனால் மதிப்பீட்டுத் தொகை அதன் அருகில்கூட வரவில்லை.

"இது அச்சுப் பிழையா தம்பி?" என்றாள் அக்கா.

பிழை இல்லை. சசெக்ஸ் கவுண்டி 1974ஆம் ஆண்டின் விலையை வைத்து, அதிலும் பாதியைத்தான் வரிக்குரிய மதிப்பாக எடுத்துக்கொண்டு வந்தது. நியூ காசிலில் 1983ஆம் ஆண்டு விலை, முழுவதும். கென்ட்டில் 1987ஆம் ஆண்டு விலையில் 60 சதவீதம். நேற்றுக் கட்டிய வீடாக இருந்தாலும், '1974இல் இது இருந்திருந்தால் என்ன விலை பெற்றிருக்கும்' என்று கணித்துத்தான் வரி போட்டார்கள். மூன்று கவுண்டிகளும் மூன்று வெவ்வேறு ஆண்டுகளில் நின்றுகொண்டிருந்தன. அவற்றின் விகிதங்களை அருகருகே வைத்து ஒப்பிட்டால் எந்த உண்மையும் கிடைக்காது.

ஒரு கற்பனைக் கணக்கு இதை விளக்கும். ஒரு வீட்டின் 1974 மதிப்பு 60,000 டாலர் என்று கொள்வோம். அதில் பாதி 30,000. நூறு டாலருக்கு நான்கு டாலர் விகிதம் என்றால் வரி 1,200 டாலர். அதே வீட்டை இன்றைய விலையான 4,50,000க்கு மறுமதிப்பீடு செய்து, நூறு டாலருக்கு 27 சென்ட் என்று விகிதத்தைக் குறைத்தால் வரி 1,215 டாலர். முதல் விகிதம் பயமுறுத்துகிறது, இரண்டாவது கவர்கிறது. இரண்டும் ஏறத்தாழ ஒரே தொகை. மதிப்பீட்டு ஆண்டு தெரியாமல் விகிதத்தை நம்பவே கூடாது.

லூயிஸ் அழகான ஊர். 1631இல் டச்சுக்காரர்கள் இங்கே குடியேற்றம் ஒன்றை அமைத்தார்கள். அதன் நினைவாக, ஹாலந்தின் ஹோர்ன் நகர மன்றத்தைப்போல் கட்டிய அருங்காட்சியகம் ஊருக்குள் இருக்கிறது. மரவேலை செய்த முகப்புகள், அகலமான நடைபாதைகள், பீபி மருத்துவமனை, கடல் எல்லாமே நடை தூரத்தில். அத்தானின் முகம் மலர்ந்ததை அங்கேதான் பார்த்தேன். அவரைப்போல் மலர்ந்தவர்கள் ஏராளம். சசெக்ஸின் மக்கள்தொகை 2010இல் 1,97,145. 2020இல் 2,37,378. மேரிலாந்திலிருந்தும் பென்சில்வேனியாவிலிருந்தும் நியூ ஜெர்சியிலிருந்தும் ஓய்வுபெற்றவர்கள் வந்து குவிகிறார்கள். சோளமும் சோயாவும் விளைந்த நிலங்களில் புதிய குடியிருப்புகள் எழும்புகின்றன.

லூயிஸிலிருந்து ஒன்பதாம் எண் சாலையில் மேற்கே ஜார்ஜ்டவுனுக்குப் போனோம். நீண்ட கோழிப்பண்ணைக் கொட்டகைகள் வழியெல்லாம் வருகின்றன. இறைச்சிக் கோழி வளர்ப்பில் நாட்டிலேயே முன்னணிக் கவுண்டி இது. ஜார்ஜ்டவுன் நடுவில் வட்டமான பூங்கா, அதைச் சுற்றி நீதிமன்றமும் கவுண்டி அலுவலகமும். வரிப் பிரிவின் முகப்பில் இருந்த பெண் ஊழியர் பொறுமையாகப் பேசினார். பில்லில் கவுண்டியின் பங்கு சிறு துண்டு, பெரும்பகுதி பள்ளி வட்டாரத்துக்கு என்று விரலால் தொட்டுக் காட்டினார். ஒரே கவுண்டிக்குள் பள்ளி வட்டார எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வரி, அந்தப் பக்கம் வேறு வரி. லூயிஸ் போன்ற ஊரின் எல்லைக்குள் இருந்தால் ஊர் வரி தனி. எல்லைக்கு வெளியே இருந்தால் அது இல்லை. ஆனால் கழிவுநீர்க் கட்டணமும் குடியிருப்புச் சங்கக் கட்டணமும் உண்டு.

"வரி வாங்கி எங்களுக்கு என்ன தர்றாங்க?" என்று அக்கா வெளியே வந்ததும் கேட்டாள். அது சரியான கேள்வி. டெலவேரில் பெரும்பாலான சாலைகளை மாநில அரசு பராமரிக்கிறது. சசெக்ஸுக்குச் சொந்தமாகக் காவல் துறை கிடையாது. மாநிலக் காவலர்களையே கூடுதலாக அமர்த்திக்கொள்ளக் கவுண்டி பணம் தருகிறது. தீயணைப்பு நிலையங்கள் தன்னார்வலர்களால் ஓடுகின்றன. ஆனால் நெஞ்சுவலி வந்த வீட்டுக்கு விரையும் பாராமெடிக் குழு கவுண்டியினுடையது. எழுபது வயதில் ஒருவர் வாங்குவது வீட்டை மட்டுமல்ல, அந்தக் குழு எத்தனை நிமிடத்தில் வாசலுக்கு வரும் என்பதையும் சேர்த்துத்தான்.

இந்தக் குறைந்த வரி எப்படி நீடித்தது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். சசெக்ஸில் 1974க்குப் பிறகு யாரும் மறுபடி அளக்கவில்லை. மதிப்பு உறைந்துவிட்டதால் பள்ளிகளின் வருவாயும் உறைந்தது. கூடுதல் பணம் வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் வட்டார மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி அனுமதி பெற வேண்டும். வறிய பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு இது அநீதி என்று 2018இல் வழக்குத் தொடுத்தார்கள். 2020 மே மாதம் டெலவேர் சான்சரி நீதிமன்றத்தின் துணைச் சான்சலர் டிராவிஸ் லாஸ்டர், மூன்று கவுண்டிகளின் மதிப்பீட்டு முறையும் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். அதன் விளைவாக மூன்றும் மறுமதிப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டன. கென்ட்டில் 2024இல் புதிய மதிப்பு நடைமுறைக்கு வந்தது. சசெக்ஸிலும் நியூ காசிலிலும் 2025இல். இனி ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்பதும் சட்டமாகிவிட்டது. ஆக, மலிவு என்று பேர் வாங்கிய அந்தப் பழைய பில்லைக் காட்டி யாராவது வீடு விற்க வந்தால், அது கடந்த காலத்தின் பில்.

மறுமதிப்பீடு எல்லாருக்கும் ஒரேபோல் வரியை ஏற்றுவதில்லை. 1974க்குப் பிறகு கடற்கரை வீடுகளின் விலை பன்மடங்கு ஏறியது. கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் அவ்வளவு ஏறவில்லை. ஆகவே சுமையின் பங்கு கடலை நோக்கி நகர்கிறது. இத்தனை ஆண்டுகள் ஜார்ஜ்டவுனின் சிறு வீட்டுக்காரர், ரெஹோபத் கடற்கரை வீட்டுக்காரரின் பங்கில் ஒரு பகுதியைச் சேர்த்துச் சுமந்தார் என்பதுதான் இதன் பொருள். அது சரிசெய்யப்பட்டது நியாயம் என்றே நான் கருதுகிறேன்.

அத்தானுக்குப் பிடித்த ஒரு வீடு விலையில் மிகவும் மலிவாக இருந்தது. விசாரித்தபோது, வீடு மட்டும் நம்முடையது, நிலம் குத்தகை என்று தெரிந்தது. சசெக்ஸில் இப்படிப்பட்ட தொழிற்சாலைத் தயாரிப்பு வீடுகள் அதிகம். நிலத்துக்குச் சொந்தக்காரருக்கு மாத வாடகை தர வேண்டும். அது ஏறிக்கொண்டே போகும். வீட்டு வரி குறைவு என்ற மகிழ்ச்சியை அந்த வாடகை விழுங்கிவிடும்.

வடக்கே திரும்பி மில்ஃபோர்டைக் கடந்து டோவரை அடைந்தோம். கென்ட் கவுண்டியின் தலைமை ஊர், மாநிலத் தலைநகரும்கூட. விமானப்படைத் தளத்திலிருந்து பருத்த உடல்கொண்ட சி-5 விமானங்கள் வீட்டுக் கூரைகளுக்கு மேல் தாழ்ந்து பறக்கின்றன. மேற்கே ஆமிஷ் குதிரை வண்டிகள் சாலையோரம் போகின்றன. வீட்டு விலை கடற்கரையைவிடக் குறைவு. பேஹெல்த் மருத்துவமனை ஊருக்குள்ளேயே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மறுமதிப்பீட்டை முதலில் முடித்த கவுண்டி இது. இங்கே கையில் கிடைக்கும் பில் உண்மையான பில். எதிர்காலம் பற்றிய ஊகம் குறைவு. வரவு கூடாத வயதில் அந்தத் தெளிவுக்கு ஒரு விலை உண்டு.

செசபீக்–டெலவேர் கால்வாய்க்கு மேல் உயர்ந்து நிற்கும் பாலத்தைத் தாண்டினால் டெலவேரின் வேறொரு முகம். மாநிலத்தின் பாதிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நியூ காசில் கவுண்டி இது. தனிக் காவல் துறை, பெரிய மருத்துவமனைகள், நகரப் பேருந்து எல்லாம் உண்டு. ஹாக்கெஸ்சினில் மகாலட்சுமி கோயிலும் இருக்கிறது. அங்கே 25 அடி உயர அனுமனின் முன் நின்றபோது, "இது பக்கத்துல இருந்தா போதும்னு தோணுது" என்றாள் அக்கா. நானும் அதைச் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. முதுமையில் ஒருவரின் வாரத்தை நிரப்புவது மருத்துவமனையும் கோயிலும் பேச நாலு பேரும்தான்.

கோயில் வாசலில் சந்தித்த குடும்பம் ஒன்று 2025 பில்லைப் பற்றி வேதனையோடு சொன்னது. இங்கே மறுமதிப்பீட்டில் வீடுகளின் விலை வேகமாக ஏறியிருந்தது. வணிகக் கட்டடங்கள் அந்த அளவு ஏறவில்லை. சுமை கடைகளிலிருந்தும் அலுவலகங்களிலிருந்தும் வீடுகளுக்கு நகர்ந்தது. அதோடு, மறுமதிப்பீட்டுக்குப் பின் பள்ளி வட்டாரங்கள் வாக்கெடுப்பில்லாமல் 10 சதவீதம் வரை கூடுதலாக வசூலிக்கவும் சட்டத்தில் இடம் இருந்தது. எதிர்ப்பு வலுத்து, 2025 ஆகஸ்டில் சட்டமன்றம் சிறப்பாகக் கூடி, வீடுகளுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் வெவ்வேறு விகிதம் வைக்கப் பள்ளி வட்டாரங்களுக்கு வழி செய்தது. ஒரு கவுண்டியில் வணிகம் எவ்வளவு, வீடு எவ்வளவு என்பதும் நம் பில்லைத் தீர்மானிக்கிறது என்பதை அந்தக் கோடையில் எல்லாரும் கற்றுக்கொண்டார்கள்.

டெலவேர் மெமோரியல் பாலத்தில் ஏறி நியூ ஜெர்சிக்குத் திரும்பும்போது அக்கா கோப்பை மூடவில்லை. மொத்தக் கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தாள். டெலவேரில் விற்பனை வரி இல்லை. நியூ ஜெர்சியில் 6.625 சதவீதம். ஆனால் டெலவேரில் வீடு கைமாறும்போது பொதுவாக விலையில் 4 சதவீதம் மாற்று வரி. வழக்கப்படி வாங்குபவரும் விற்பவரும் பாதிப் பாதி. அறுபதைக் கடந்தவருக்கு ஓய்வூதிய வருமானத்தில் 12,500 டாலர் வரை டெலவேர் விலக்கு தருகிறது. நியூ ஜெர்சியில் வருமான வரம்புக்குள் இருக்கும் தம்பதிக்கு ஒரு லட்சம் டாலர் வரை விலக்கு கிடைக்கும். அறுபத்தைந்து வயதானவருக்குப் பள்ளி வரியில் பாதியை, 500 டாலர் வரை, டெலவேர் தள்ளுபடி செய்கிறது. ஆனால் 2018 முதல் குடிவந்தவர்கள் பத்தாண்டு அங்கே வாழ்ந்த பிறகே அதைக் கேட்க முடியும். அத்தானுக்கு அப்போது எழுபத்தாறு ஆகியிருக்கும்.

"அப்போ டெலவேர் மலிவு இல்லையா மாப்பிள்ளை?" என்றார் அத்தான்.

"மலிவுதான் அத்தான். ஆனா நாம நெனச்ச அளவுக்கு இல்ல" என்றேன்.

பள்ளி வரியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். லூயிஸை உள்ளடக்கிய கேப் ஹென்லோப்பன் பள்ளி வட்டாரம் 2024இல் கூடுதல் நிதி கேட்டு இருமுறை வாக்கெடுப்பு நடத்தியது. இரண்டிலும் தோற்றது. எங்கள் பிள்ளைகள் எப்போதோ படித்து முடித்துவிட்டார்கள், இனி ஏன் தர வேண்டும் என்ற குரல் ஓய்வுபெற்றவர்கள் நிறைந்த ஊர்களில் எளிதாகக் கேட்கும். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. எடிசனில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் படித்தபோது அந்தத் தெருவில் பிள்ளை இல்லாத கிழவர்கள் வரி கட்டினார்கள். நாளை பீபி மருத்துவமனையில் அத்தானின் நாடி பார்க்கப்போகிற செவிலி, இன்று அந்தப் பள்ளிகளில் ஏதோ ஒன்றில்தான் படித்துக்கொண்டிருக்கிறாள். குறைந்த வரியைத் தேடிப் போவதில் தவறு இல்லை. வந்து சேர்ந்த இடத்தின் பிள்ளைகளுக்கு எதிராக வாக்களிப்பது தவறு.

ஆகவே ஓய்வுக்கால வீடு தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். விற்பவரின் பில்லை உங்கள் பில்லாக எண்ணாதீர்கள். அதில் அவருடைய வயதுக்கோ ராணுவச் சேவைக்கோ கிடைத்த சலுகை ஒளிந்திருக்கலாம். கடைசியாக எந்த ஆண்டில் மதிப்பிட்டார்கள், அடுத்தது எப்போது, பணம் எந்தப் பள்ளிக்கும் எந்தச் சேவைக்கும் போகிறது, முதியோர் சலுகைக்கு எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்று கவுண்டி அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். பிறகு பத்தாண்டுக்குக் கூட்டிப் பாருங்கள்.

அக்காவும் அத்தானும் அப்படிக் கூட்டிப் பார்த்து கென்ட் கவுண்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். கடல் நடை தூரத்தில் இல்லை, கோயிலும் பக்கத்தில் இல்லை. ஆனால் அளந்து முடித்த மதிப்பு, அருகில் மருத்துவமனை, கட்டக்கூடிய பில். இந்த மூன்றுக்கும் மற்றதை விட்டுக்கொடுக்கலாம் என்பது அவர்கள் முடிவு. வேறு குடும்பத்துக்கு வேறு முடிவு சரியாக இருக்கும். கேள்விகள் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்.